டம்ப் எடுத்துட்டேன் நைனா

அத்தியாயம் 6

“அக்கா, ஒரு டவுட்டு. இந்த மண்ணு வாயில போனா ஆளே போயிடுவானா, இல்ல பல்லு மட்டும் கொட்டுமா?”

கோலாரில், தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் மலையான நந்திதுர்க் சயனைடு டம்ப்பின் பாதி உயரத்தில் நின்றுகொண்டு லாய்ட் இப்படிக் கேட்டபோது மத்தியானம் மணி இரண்டரை. துப்பறியும் குணசுந்தரி அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. சேலைத் தலைப்பை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கையிலிருந்த கம்பால் சாம்பல் நிற மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“உனக்குப் பல்லு கொட்டினா ஊருக்கு நிம்மதி. வாயை மூடிக்கினு தேடு.”

“தேடறேன். சுரங்கம் தோண்டினவன் நூறு வருஷமா கொட்டின மண்ணு. அதுல ஒரே ஒரு டிஸ்க்கு. கடல்ல பெருங்காயத்தைக் கரைச்சுட்டு வாசனை புடிக்கிற வேலை. இதுக்குத்தான் நான் மொபைல் ரிப்பேர் கடையை விட்டுட்டு உங்ககிட்ட வந்தேனா?”

“கடை உன்னை விட்டுச்சு. நீ கடையை விடல.”

லாய்ட் சிரித்துக்கொண்டே குனிந்தான். இருபத்தெட்டு வயது, கைக்கு எட்டிய எந்த மிஷினையும் கழற்றிவிடுவான், திரும்பப் பூட்டுவது மட்டும் அவன் ஜாதகத்தில் இல்லை. குணசுந்தரிக்கு நாற்பத்தெட்டு. கோர்ட்டில் இருபத்திரண்டு வருஷம் சாட்சிகளின் வாக்குமூலத்தை டைப் அடித்தவள். சாட்சி ஒன்று சொல்வான், வக்கீல் ஒன்று சொல்வார், காகிதத்தில் மூன்றாவதாக ஒன்று ஏறும். அதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் ராபர்ட்சன்பேட்டையில் விசாரணை ஏஜென்சி திறந்தாள். வருவதெல்லாம் ‘மாப்பிள்ளை குடிப்பானா’ என்கிற கேஸ்தான். குடிக்காத மாப்பிள்ளையை அவள் இன்னும் பார்க்கவில்லை.

இந்தக் கேஸ் வேறு. அவர்களுக்கு மேலே, டம்ப்பின் உச்சிக்குப் பக்கத்தில், அறுபத்திரண்டு வயது ராமசாமி வெறுங்கையால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். சுரங்கம் ஓடிய காலத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டு மேலே வர, கீழே இறங்க மணி அடித்தவர். மூடிய பிறகு அங்கங்கே வாட்ச்மேன் வேலை. ஒரே மகன் கௌதம். பெங்களூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். நாலு மாசத்துக்கு முன்னால் டெங்குவில் மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தான். வயசு இருபத்தேழு.

அந்தக் கௌதம் மூன்று வருஷம் ராத்திரி பகல் பாராமல் ஒரு வீடியோ கேம் செய்திருந்தான். டிவியோடு மாட்டும் பழைய காலத்து கன்சோல் மிஷினில் டிஸ்க் போட்டு விளையாடுகிற கேம். கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் லெவல் லெவலாக இறங்க வேண்டும். இப்போது அதே கேமை மனோகர் என்கிறவன் ‘மௌனம்’ என்று பேர் வைத்துத் தன்னுடையது என்கிறான். பேட்டை பஜாரில் கேம் சென்டர் வைத்திருக்கும் கௌதமின் சிநேகிதன்தான் அவன். பழைய கன்சோல் பைத்தியங்களுக்கென்றே புது டிஸ்க் அச்சடித்து விற்கும் ஒரு பெங்களூர் கம்பெனி அதை வெளியிடுகிறது. இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு கம்பெனிக்காரி வந்து கையெழுத்து வாங்குகிறாள். அதோடு முடிந்தது. செத்தவன் வந்து கேஸ் போடவா போகிறான்?

“எனக்கு வேற எதுவும் வோணாம்மா. என் புள்ள செஞ்சதுல அவன் பேரு இருக்கணும்,” என்று ராமசாமி திங்கட்கிழமை அவள் மேஜைக்கு முன்னால் கைகட்டி நின்றார். ஆதாரம்? கௌதம் வேலை செய்தது ஆபீஸ் லேப்டாப்பில். அதை அவன் செத்த மறுவாரமே வாங்கிப் போய்த் துடைத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது அவன் தன் கையால் எழுதிய ஒரே டிஸ்க். அது அவன் சாமான்களில் கிடைக்கவில்லை, டம்ப்பில் போட்டுவிட்டான் என்றார் ராமசாமி. ரெண்டு வாரமாக அவர் இங்கேயே தோண்டிக்கொண்டிருக்கிறார். நகக்கண் எல்லாம் வெடித்திருந்தது.

“ஆனா அக்கா, அந்த மனோகரைப் பத்தி ஒண்ணு சொல்லணும்,” என்றான் லாய்ட். “சாம்பிளை நெட்ல விட்டிருக்கான், நானும் விளையாடினேன். கடைசி லெவல்ல கேஜ் கதவு சாத்தும். ஸ்கிரீன் பூரா இருட்டு. நாப்பத்தோரு செகண்டு ஒரு சத்தம் இல்ல. நெட்ல அவனவன் அழுவறான், ‘செத்த தொழிலாளிக்கு அஞ்சலி’ன்னு. அந்த மூஞ்சிக்கு இப்டி ஒரு மூளையான்னு நம்ப முடியல.”

குணசுந்தரி கம்பை மண்ணில் ஊன்றி நின்றாள். ரொம்ப நேரமாக ஒன்று அவளை உறுத்திக்கொண்டிருந்தது. மூன்று வருஷம் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த டிஸ்க்கை ஒருத்தன் சயனைடு டம்ப்பில் கொண்டுவந்து வீசுவானா?

“அண்ணா, கொஞ்சம் கீழ வாங்க,” என்று கூப்பிட்டாள்.

ராமசாமி சறுக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

“உங்க பையன் டம்ப்பைப் பத்தி எப்ப சொன்னாரு?”

“போன்ல சொன்னான்மா. சாவறதுக்கு ஒம்பது நாளைக்கு முன்ன.”

“நீங்க புரிஞ்சுக்கிட்டது வேணாம். அவரு வாயால என்ன சொன்னாரோ அப்டியே சொல்லுங்க. ஒரு வார்த்தை கூட்டாம, குறைக்காம.”

ராமசாமி கண்ணை மூடினார். மகனின் குரலைத் தன் தொண்டையில் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

“‘நைனா, டிஸ்க்குல கீறல் வுழுந்துட்ச்சு. பரவால்ல, டம்ப் எடுத்துட்டேன். உனக்கும் அனுப்பறேன், பத்ரமா வச்சுக்க’ன்னான்.”

“‘போட்டுட்டேன்’னாரா, ‘எடுத்துட்டேன்’னாரா?”

“எடுத்துட்டேன்னுதான் சொன்னான். டம்ப் எடுக்கறதுன்னா இன்னா, லாரி வச்சு மண்ணு அள்றதுதானே? இவன் எதுக்கு மண்ணு அள்றான்? கீறல் வுழுந்ததைத்தான் டம்ப்ல கடாசிட்டேன்னு சொல்றான்னு நெனச்சிக்கினேன்.”

லாய்ட் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு பாதி வந்தது, ராமசாமியின் கை விரல்களைப் பார்த்ததும் மீதி நின்றுபோயிற்று.

“அய்யோ அண்ணா… கேம்காரங்க பாஷையில டம்ப்னா இந்த மலை இல்ல. டிஸ்க்ல இருக்கறதை ஒண்ணு விடாம அப்டியே காப்பி எடுத்து ஃபைலா வைக்கறது. அதான் டம்ப் எடுக்கறது. உங்க பையன் எதையும் தூக்கிப் போடல. பத்திரமா காப்பி எடுத்திருக்கான்.”

ராமசாமி டம்ப்பை அண்ணாந்து பார்த்தார். அதில் அவர் தோண்டிய குழிகள் வரிசையாகத் தெரிந்தன. கோலாரில் பிறந்து வளர்ந்தவனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. டம்ப் என்றால் இந்த ஊர்க்காரனுக்கு ஒரே அர்த்தம்தான்.

“அவரு அப்டிச் சொன்னதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?” என்று குணசுந்தரி கேட்டாள்.

“டூட்டில கீறேன், வையின்னேன்.” அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். “அவன் போறதுக்கு முன்ன எட்டு மாசமா அவன்கூட சரியா பேசலம்மா. இருவத்தேழு வயசுல கல்யாணம் காட்சி இல்லாம பொம்மை வெளாட்டு செஞ்சுக்கினு கீறியேடான்னு கண்டபடி திட்டிட்டேன். அதுக்கப்பறம் அவனாத்தான் போன் பண்ணுவான். நான் ரெண்டு வார்த்தையில வச்சிருவேன்.”

“உங்க போனைக் குடுங்க,” என்று குணசுந்தரி கை நீட்டினாள்.

* * *

வெயிலில் ஸ்கிரீன் தெரியவில்லை என்று டம்ப்புக்குக் கீழே ஒரு வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். லாய்ட் போனுக்குள் புகுந்து, வந்த ஃபைல்களெல்லாம் சேரும் ஃபோல்டரைத் திறந்தான். உதட்டைப் பிதுக்கினான்.

“பெரிய ஃபைல் எதுவுமே இல்லக்கா. வழிச்சுத் துடைச்சு வச்சிருக்கு.” ராமசாமியைப் பார்த்தான். “அண்ணா, நீங்க ஏதாவது அழிச்சீங்களா?”

“எனக்கு அழிக்கவே தெரியாது தம்பி. போன் வந்தா பச்சையத் தள்ளுவேன், அவ்ளோதான்.”

“இரு இரு… ஒண்ணு இருக்கு.” லாய்டின் கட்டைவிரல் நின்றது. “க்யூ ஃபைல். ஒரு கே.பி.கூட இல்ல. கொசு மாதிரி இருக்கறதால தப்பிச்சிருக்கு.”

“தமிழ்ல சொல்லுடா.”

“டம்ப் எடுக்கும்போது ரெண்டு ஃபைல் வரும்கா. ஒண்ணு பின். அதான் பெட்டி. டிஸ்க்ல இருந்த கேம், பாட்டு, பேச்சு எல்லாம் அதுக்குள்ள. இன்னொண்ணு க்யூ. பெட்டி மேல ஒட்டுற சீட்டு. உள்ள என்ன இருக்கு, எது எந்த நிமிஷத்துல ஆரம்பிக்குதுன்னு பட்டியல் மட்டும் இருக்கும். பெட்டி போயிட்ச்சு, சீட்டு கிடைச்சிருக்கு.”

“சீட்டைப் படி.”

“ஃபைல் பேரு, ஷிப்ட் டாட் பின். ட்ராக் ஒண்ணு, கேம். ட்ராக் ரெண்டு, ஆடியோ. ஆரம்பம் முப்பத்தெட்டு நிமிஷம் பத்து செகண்டு. டைட்டில்…” லாய்ட் நிறுத்தினான். அவன் வாயில் வந்த ஏதோ கிண்டல் அங்கேயே செத்தது. “டைட்டில், ‘நைனாக்கு’ன்னு போட்டிருக்கு.”

ராமசாமி ஓரடி முன்னால் வந்தார். “எனக்கா?”

“ட்ராக் மூணும் ஆடியோ. டைட்டில் ‘மணி’. ஆரம்பம் முப்பத்தெட்டு நிமிஷம் அம்பத்தோரு செகண்டு. அவ்ளோதான். ஃபைல் வந்த தேதி, அண்ணா சொன்ன அதே நாளு.”

“எனக்குன்னா… பேசி வச்சிருக்கானா? அவன் கொரலா?” ராமசாமி லாய்டின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “சொல்லு தம்பி, அவன் கொரலா?”

“தெரியாதுண்ணா. பாட்டா இருக்கலாம், பேச்சா இருக்கலாம். சீட்டுல அது எழுதியிருக்காது.”

குணசுந்தரி தன் குட்டி நோட்டில் இரண்டு நேரத்தையும் எழுதினாள். ஒன்றின்கீழ் ஒன்றாக. பள்ளிக்கூடத்துக் கழித்தல் கணக்கு மாதிரி ஒரு கோடு போட்டாள். விடை வந்ததும் மூச்சை இழுத்துவிட்டாள்.

“லாய்ட், மனோகர் அந்தக் கேமை எந்த ஃபைலா வச்சிருக்கான்?”

“நெட்ல விட்டது ஐஎஸ்ஓ.”

“அதுல பாட்டு, பேச்சு எல்லாம் வருமா?”

லாய்ட் மெதுவாகச் சொன்னான். “வராதுக்கா. ஐஎஸ்ஓ முதல் ட்ராக்கை மட்டும்தான் எடுத்துக்கும். ஆடியோ ட்ராக்கை வாசல்லயே விட்டுட்டுப் போயிடும். எல்லாத்தையும் சேத்து இறுக்கிக் கட்டுற ஃபார்மேட்டும் இருக்கு. சிஎச்டின்னு பேரு. இடமும் பாதி போதும், ஒரு துளி சிந்தாது. விஷயம் தெரிஞ்சவன் அதுலதான் மாத்துவான்.”

“இவனுக்கு விஷயம் தெரியல. ஆட்டோவைக் கூப்பிடு.”

* * *

மனோகரின் கேம் சென்டரில் மூன்று ஃபேன் ஓடியும் புழுக்கம் தாங்கவில்லை. சுவரெல்லாம் பழைய கன்சோல் படங்கள். மணி மூன்று நாற்பது. மேஜையின் ஒரு பக்கம் மனோகர், புதுச் சட்டை, புது வாட்ச். எதிரே கம்பெனிக்காரி ஷில்பா, முப்பது வயதுக்குள்தான் இருக்கும், ஒப்பந்தக் காகிதத்தைக் கடைசிப் பக்கத்துக்குப் புரட்டி வைத்திருந்தாள். பேனா திறந்திருந்தது.

ராமசாமியைப் பார்த்ததும் மனோகர் எழுந்துவிட்டான். “வாங்கப்பா. ஆன்ட்டி யாரு?”

ஆன்ட்டி! குணசுந்தரி அதை முழுங்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “பேரு குணசுந்தரி. கையெழுத்தைத் தடுக்க வரல தம்பி. ரெண்டே கேள்வி. கேட்டுட்டுப் போயிடறேன்.”

“இவங்க டிடெக்டிவ்ங்க,” என்றான் லாய்ட் ஷில்பாவிடம், ரொம்பப் பணிவாக. “நான் அவங்களுக்குக் கம்பு தூக்கறவன்.”

ஷில்பா பேனாவை மேஜையில் வைத்தாள். “கேளுங்க மேடம். எனக்கும் நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு.”

“கடைசி லெவல்ல நாப்பத்தோரு செகண்டு மௌனம் வருதே தம்பி. அது ஏன் நாப்பத்தொண்ணு? நாப்பது வைக்கல, ஒரு நிமிஷம் வைக்கல?”

மனோகரின் முகம் மலர்ந்தது. பல பேட்டிகளில் சொல்லிச் சொல்லிப் பழகின பதில் போல. “எங்க தாத்தா நாப்பத்தோரு வருஷம் அண்டர்கிரவுண்டுல உழைச்சாருங்க. வருஷத்துக்கு ஒரு செகண்டு. அந்த இருட்டுல அவரு பட்ட கஷ்டத்துக்கு என்னால முடிஞ்ச மரியாதை.”

ஷில்பாவின் கண்ணில் லேசாக ஈரம் தெரிந்தது. குணசுந்தரி தரையைப் பார்த்தாள். சிமெண்டுத் தரையில் என்ன தேய்த்தும் போகாத வட்டக் கறைகள்.

“உங்க தாத்தா இதே கடையில எண்ணெய் வித்தாருப்பா. இந்தக் கறையெல்லாம் டின்னு வச்ச இடம். ஆறு வயசுல நான் தூக்குச் சட்டியோட வந்து இங்கதான் நிப்பேன். நல்ல மனுஷன், அளவுல மட்டும் ஒரு சொட்டு குறைப்பாரு. அவரு இறங்கின ஆழம் இந்தக் கடைப் படிக்கட்டு ரெண்டுதான்.”

“அண்டர்கிரவுண்டு இல்ல, அண்டர்வெயிட்டு,” என்றான் லாய்ட்.

மனோகரின் சிரிப்பு உதட்டில் பாதியிலேயே நின்றது. “அது… அம்மா வழித் தாத்தா…”

“அதை விடு. ரெண்டாவது கேள்வி. உன்கிட்ட ஒரிஜினல் ஃபைல் எந்த ஃபார்மேட்டுல இருக்கு?”

“ஐஎஸ்ஓ. ஒரே ஃபைல், சுத்தமா. அதுக்கென்ன இப்ப?”

“லாய்ட், சீட்டைப் படி.”

லாய்ட் ராமசாமியின் போனை ஷில்பாவின் பக்கம் திருப்பி வைத்தான். கிண்டல் இல்லாமல் படித்தான். ட்ராக் ரெண்டு, முப்பத்தெட்டு பத்து. ட்ராக் மூணு, முப்பத்தெட்டு ஐம்பத்தொன்று.

“கழிச்சுப் பாரும்மா,” என்றாள் குணசுந்தரி ஷில்பாவிடம். “ரெண்டாவது ட்ராக் எத்தனை செகண்டு?”

ஷில்பா உதட்டுக்குள் கணக்குப் போட்டாள். போனையும் மனோகரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். “நாப்பத்தொண்ணு,” என்றாள். பிறகு அவள் குரல் மாறியது. “மனோகர், எங்க டெஸ்டிங்ல ஒரு பிரச்சினை வந்துச்சே. கடைசி லெவல்ல கேம் ரெண்டாவது ட்ராக்கைத் தேடுது, அப்படி ஒண்ணு டிஸ்க்லயே இல்லன்னு. ‘அது பழைய கோடு, விட்டுடுங்க’ன்னு சொன்னீங்களே?”

“அஞ்சலியும் இல்ல, அரைக்காசு மரியாதையும் இல்லம்மா,” என்றாள் குணசுந்தரி. “பாட்டோ பேச்சோ, அதைத் தொலைச்சுட்டு அந்த ஓட்டைக்கு மௌனம்னு பேரு வச்சிருக்கான். அந்த ஓட்டையைப் பாத்துத்தான் ஊரே அழுதிருக்கு. செஞ்சவனா இருந்தா அங்க ஒரு ட்ராக் இருக்கறது தெரிஞ்சிருக்கும். எடுத்தவனுக்கு எப்படித் தெரியும்?”

“இங்கிலீஷ்ல கௌதமுக்கும் ஏழு எழுத்து, மனோகருக்கும் ஏழு எழுத்து,” என்றான் லாய்ட். “ஃபைலுக்குள்ள ஒரு பேர் மேல இன்னொரு பேரை அடிக்கும்போது ஒரு எழுத்துகூட இடிக்கல, இல்ல மச்சா? அளவெடுத்துத் தைச்ச சட்டை.”

மனோகர் உட்கார்ந்துவிட்டான். நெற்றி வியர்வையைப் புதுச் சட்டையின் கையிலேயே துடைத்தான். பிறகு அவன் பார்வை குணசுந்தரியை விட்டு ராமசாமியிடம் போய் நின்றது.

“நான் ஒண்ணும் வீடு பூந்து திருடலிங்க. இவருதான் கொண்டாந்து குடுத்தாரு. கேட்டுப் பாருங்க.”

குணசுந்தரி திரும்பினாள். ராமசாமி மறுக்கவில்லை.

“பதினாறாம் நாளு, கருமாதி அன்னிக்கு,” என்றார் அவர். “அவன் போட்டோவ மாலை போட்டு வச்சிருந்தாங்க. அத்த என் போன்ல ஒண்ணு புடிச்சிக்கலாம்னு பாத்தா எடமே இல்லேன்னு கத்துச்சு. இவன் பக்கத்துல நின்னுக்கினு இருந்தான். சிநேகிதனாச்சேன்னு குடுத்தேன். ‘பெருசா இருக்கறதெல்லாம் தூக்கிடுப்பா, என் புள்ள போட்டோவுக்கு எடம் வோணும்’னேன்.”

வெளியே பஜாரில் எவனோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். குணசுந்தரிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அழித்தீர்களா என்று கேட்டார்கள், இல்லை என்றார். போனை யாரிடமாவது கொடுத்தீர்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் வாக்குமூலம் அடித்தவளுக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லையே.

“தூக்கும்போது பாத்தேன்,” என்றான் மனோகர். குரலில் திமிர் போய் ஒரு கெஞ்சல் வந்திருந்தது. “ஷிப்ட் டாட் பின்னுன்னு இருந்துச்சு. என் பென்டிரைவுல ஏத்திக்கினு இதுலேர்ந்து அழிச்சுட்டேன். அவன் இருந்தப்ப எனக்குக்கூட காட்டமாட்டான்ங்க. சின்ன வயசுலேர்ந்து சேந்து விளையாடினோம், கன்சோல் வாங்க காசு குடுத்தது நானு. பேரு மட்டும் அவனுக்கா? அவன்தான் போயிட்டானே, யாருக்கு நஷ்டம்னு நினைச்சேன்.”

ஷில்பா ஒப்பந்தக் காகிதத்தைக் குறுக்காகக் கிழித்தாள். இரண்டு தரம். ஒரு புதுத் தாளை எடுத்து ராமசாமியின் பக்கம் திரும்பினாள். “சார், இந்தக் கேம் உங்க பையன் பேர்ல வரும். அதுக்கு நான் பொறுப்பு. பேரு கௌதம், அப்பா பேரு ராமசாமின்னு போடட்டுமா?”

ராமசாமி அவளைப் பார்க்கவே இல்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு மனோகரிடம் போனார். அடிக்கப்போகிறார் என்று லாய்ட் குறுக்கே போகப் பார்த்தான். அவர் அடிக்கவில்லை. மனோகரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஒரு பைசாக் கடன் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன், பிச்சைக்காரன் மாதிரி நின்றார்.

“பேரு நீயே வச்சுக்கப்பா. கேமும் நீயே வச்சுக்க. நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லமாட்டேன். அந்த நாப்பத்தோரு செகண்டை மட்டும் குட்துடு.”

“அப்பா…”

“எங்கியாவது வச்சிருப்பியே. பென்டிரைவுல ஏத்தினேன்னியே.”

“ஐஎஸ்ஓ ஆக்கிட்டு பின்னை அழிச்சுட்டேன்பா. அந்த பென்டிரைவுல வேற கேம் ஏத்தி எவ்ளோ நாளாச்சு.”

“சரி, நீ கேட்டிருப்ப இல்ல? இன்னா சொன்னான்னு சொல்லு. ஒரு வார்த்தை போதும். கோவமா சொன்னானா, சிரிச்சிக்கினு சொன்னானா?”

மனோகர் அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “நான் போட்டுக் கேக்கவே இல்லப்பா. உள்ள ஆடியோ இருக்குன்னே எனக்கு இப்பதான் தெரியும்.”

ராமசாமி கையை விட்டார்.

அட பாவி, சிஎச்டியாக மாற்றியிருந்தாலாவது அந்தக் குரல் பிழைத்திருக்குமே என்று குணசுந்தரி நினைத்தாள். களவுக்கும் தொழில் தெரிய வேண்டும். தெரியாதவன் கையில் மாட்டினால் அவன் எடுத்ததும் போச்சு, எடுக்காததும் போச்சு. கேஸில் ஜெயித்துவிட்டாள். இப்படியொரு ஜெயிப்பு அவள் எதிரிக்கும் வேண்டாம்.

“அக்கா!” லாய்ட் திடீரென்று கத்தினான். “நான் ஒரு மடையன்! ஃபோல்டரைத்தான் பாத்தேன், வாட்ஸ்அப் மெசேஜைப் பாக்கல! ஃபைலை அழிச்சாலும் கௌதம் அனுப்பின மெசேஜ் அங்கியே இருக்கும். சில சமயம் அதை அமுக்கினா மறுபடி இறங்கும். அண்ணா, இருங்க, இருங்க!”

கௌதமின் பேரைத் திறந்தான். கடைசியாக வந்த ரெண்டு மெசேஜ். ஒன்று கொசு ஃபைல். அதற்கு மேலே ஷிப்ட் டாட் பின், பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி. ராமசாமி கிட்டே வந்து லாய்டின் தோளில் கை வைத்துக்கொண்டார். ஷில்பாவும் எழுந்து வந்தாள். மனோகர்கூடக் கழுத்தை நீட்டிப் பார்த்தான். லாய்ட் அம்புக்குறியை அமுக்கினான்.

வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு இங்கிலீஷில் இரண்டு வரி வந்து நின்றது. லாய்ட் அதைப் படித்தான். போனைக் குணசுந்தரியிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

“இன்னாம்மா எழுதிகீது?” என்று ராமசாமி கேட்டார். “இறங்குதா?”

அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. இறங்க நேரமாகும் என்று சொல்லலாம். நாளைக்கு வாங்க என்று சொல்லலாம். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தருக்கு மாற்றிச் சொல்லக்கூடாது என்றே வாழ்ந்தவள், இன்றைக்கு ஒரு தரம் மாற்றினால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் வாயில் வரவில்லை.

“இந்த ஃபைல் இப்ப இல்லையாம்ண்ணா,” என்றாள். “வேணும்னா, அனுப்பினவரையே திரும்ப அனுப்பச் சொல்லுங்கன்னு எழுதியிருக்கு.”

ராமசாமி அதைக் கேட்டுத் தலையாட்டினார், ஏதோ நியாயமான பதிலைக் கேட்டவர் போல. போனை வாங்கிச் சட்டைத் துணியில் துடைத்தார். மகன் போனில் பேசிய அந்த நாளுக்கும் கருமாதிக்கும் நடுவே இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் அவர் வாய் கோணிக்கொண்டது.

“இருவத்தஞ்சு நாளு அவன் என் ஜோப்புலயே இருந்துகீறாம்மா,” என்றார். “நான் ஒரு வாட்டி தொறந்து பாக்கலியே.”